ரோஜா அல்ல, பருத்த அரளி

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் கொஞ்சம் வசதியான கம்பெனி கேட் எதையாவது கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சிமென்ட் தொட்டி. தொட்டியில் வெள்ளைக் கூழாங்கல். நடுவில் வயிறு பெருத்த ஒரு குட்டிச் செடி, உச்சியில் நாலு கிளை, கிளை நுனியில் இளஞ்சிவப்புப் பூ. புதுச்சேரியில் புதிதாகக் கட்டும் வீடுகளின் மொட்டை மாடியிலும், தாவரவியல் பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சியிலும் இதே செடிதான். கேட்டால் "பாலைவன ரோஜா" என்பார்கள். இங்கிலீஷில் 'டெசர்ட் ரோஸ்'. படித்தவர்கள் அடினியம் என்பார்கள்.

நர்சரிக்காரர் இதை விற்கும்போது மூன்று வசனம் சொல்வார். "பாலைவனத்துச் செடி சார், தண்ணியே வேணாம்." "இது போன்சாய் சார், இருபது வருஷம் ஆச்சு." "வீட்ல வெச்சா லட்சுமி கடாட்சம் சார்." மூன்றாவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அது அவரவர் நம்பிக்கை. முதல் இரண்டும் பொய். அவர் சொல்லாமல் விடுகிற நாலாவது ஒன்று உண்டு. இந்தக் கட்டுரைக்கே அதுதான் காரணம். அவர் சொல்லாததற்கும் மற்றவர்கள் கேட்காததற்கும் அந்த அழகான பெயர்தான் முழுப் பொறுப்பு. ரோஜா என்று சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

இந்தச் செடிக்கும் ரோஜாவுக்கும் எந்த உறவும் இல்லை. இது அரளிக் குடும்பம். சந்தேகம் இருந்தால் இதற்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவரைக் கேட்கலாம். அந்தக் கதை சுவையானது, கொஞ்சம் சோகமானதும் கூட.

1761ல் டென்மார்க் அரசர் ஐந்தாம் ஃபிரெடெரிக் அரேபியாவை ஆராய ஒரு குழுவை அனுப்பினார். தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்த ஊர். இந்தப் பயணத்துக்கான ஆரம்ப யோசனையே ஒரு அறிஞரைத் தரங்கம்பாடி வழியாக அரேபியாவுக்கு அனுப்புவது என்றுதான் இருந்தது. பிறகு திட்டம் மாறி, குழு பெரிதாகி, எகிப்து வழியாகப் போனார்கள். அதில் தாவரவியல் ஆள் பீட்டர் ஃபோர்ஸ்கால், லின்னேயஸின் மாணவர். யேமனில் செடி செடியாகச் சேகரித்தவர் 1763ல் அங்கேயே மலேரியாவில் செத்துப்போனார். குழுவில் உயிரோடு ஊர் திரும்பியது கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான். அவர்தான் நண்பரின் குறிப்புகளை 1775ல் புத்தகமாகப் பதிப்பித்தார். அந்தப் புத்தகத்தில் இந்தச் செடிக்கு ஃபோர்ஸ்கால் வைத்த பெயர் நீரியம் ஒபேசம். நீரியம் என்றால் அரளி. ஒபேசம் என்றால் பருத்தது. பருத்த அரளி! பார்த்தவுடன் புரிந்திருக்கிறது மனிதருக்கு. 1819ல் ரோமரும் ஷுல்டெஸும் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து அடினியம் ஒபேசம் ஆக்கினார்கள். பெயர் மாறியது, குடும்பம் மாறவில்லை. ரோஜா என்ற பட்டம் வியாபாரத்துக்காக ஒட்டிக்கொண்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. அரளி என்று சொன்னால் சேதராப்பட்டில் ஐந்தாம் வகுப்புப் பையனுக்குக்கூட என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். தொட்டால் கை கழுவு, வாயில் வைக்காதே. தேசிய நெடுஞ்சாலையின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் அரளி நட்டிருக்கிறார்களே, ஏன்? தண்ணீர் குறைவாகப் போதும், ஆடு மாடு வாய் வைக்காது. ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது. கேரளத்தில் 2024ல் ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளி நஞ்சு காரணம் என்று பேச்சு எழுந்தவுடன், அதே மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ வேண்டாம் என்று முடிவெடுத்தன. காலம் காலமாகச் சாமிக்குப் போட்ட பூவையே தள்ளி வைத்தார்கள்.

அதே வகை நஞ்சுதான் அடினியத்திலும். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்குகிற கிளைகோசைடுகள். கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்காரர்கள் ஒரு அடினியத்தின் சாற்றைக் காய்ச்சித்தான் அம்பு நுனியில் பூசுகிறார்கள், பெரிய மிருகத்தையும் வீழ்த்துவதற்கு. அந்த அம்பு விஷத்தின் சொந்தக்காரச் செடிதான் பால்கனியில், குழந்தை தவழ்கிற உயரத்தில், "ரோஜா" என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. அரளியைத் தோட்டத்தின் கடைசி மூலைக்கு விரட்டிய அதே வீட்டில்!

பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. செடியைத் தொட்டவுடன் யாரும் சாகப் போவதில்லை. அரளியோடு தமிழர்கள் ஆயிரம் வருஷமாகக் குடித்தனம் நடத்தவில்லையா? நடத்துகிறார்கள், அது அரளி என்று தெரிந்து. அடினியத்தைக் கவாத்து செய்கிறவர் அதன் சாறு கையில் கசிவதைக் கவனிப்பதில்லை, அதே கையால் கண்ணைத் தேய்க்கிறார், டீ குடிக்கிறார். வெட்டிய கிளைகள் குப்பையோடு தெருவுக்குப் போகின்றன. சேதராப்பட்டுத் தெருவில் ஆடு மேய்கிறது. நிற்கிற செடியில் வாய் வைக்காத ஆடு, வெட்டி வாடிக் கிடக்கிற தழையைச் சமயத்தில் தின்றுவிடும். அரளி இலை காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை என்பது கால்நடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குப்பையில் கிடப்பது அரளிக்குச் சொந்தம் என்று அவர்களுக்கு யார் சொன்னது? ஒரு ஆடு போனால் நஷ்டம் தொட்டிக்காரருக்கு அல்ல.

இனி வயது விஷயம்.

இந்தச் செடியின் மதிப்பே பருத்த அடிதான். பூ அல்ல. அடி பருக்க வருஷங்கள் ஆகும், அதனால்தான் அடி பெருத்த செடிக்கு விலை. சொகோத்ரா தீவில் பாறை இடுக்கில் நிற்கும் அடினியங்கள் ஆள் உயரத்தைத் தாண்டி, யானைக்கால் போலப் பருத்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம்தான் ஆசையைக் கிளப்புகிறது. ஆனால் அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? இல்லாத பொறுமையைப் பணம் கொடுத்து வாங்கப் போகிறார்கள். வாங்க ஆள் இருந்தால் விற்க ஆள் வராமலா இருப்பார்?

விற்கிற விதம் இப்படி. விதையில் முளைத்த செடி, வெயிலும் உரமும் சரியாகக் கிடைத்தால் இரண்டு மூன்று வருஷத்தில் கைப்பிடி அளவு அடி வைத்துவிடும். மண்ணுக்குள் வேரும் பருத்திருக்கும். தொட்டி மாற்றும்போது ஒவ்வொரு முறையும் அந்த வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கி வைப்பார்கள். பாம்பு போலச் சுருண்டு வெளியே தெரிகிற வேரைப் பார்த்ததும் வாங்குகிறவருக்கு ஏதோ ரிஷியின் ஆசிரமத்திலிருந்து வந்தது போலத் தோன்றும். மேலே, வேறொரு செடியிலிருந்து வெட்டிய அடுக்குப் பூ ரகத்தை ஒட்டுக் கட்டியிருப்பார்கள். தாய்லாந்திலும் தைவானிலும் உருவாக்கிய நூற்றுக்கணக்கான ரகங்கள் இப்படித்தான் பரவியிருக்கின்றன, ஏனென்றால் கலப்பு ரகத்தின் விதை போட்டால் அதே நிறம் வராது. ஒட்டுக் கட்டுவது தவறே அல்ல. நல்ல தொழில், விரல் நுணுக்கம் வேண்டும். மாமரத்துக்கும் அதுதான். ஆனால் மாங்கன்று விற்பவர் "இது ஒட்டு" என்று பெருமையாகச் சொல்கிறார். அடினியம் விற்பவர் "இது இருபது வருஷம்" என்கிறார். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

இதில் இன்னொரு வகை ஏமாற்று. குச்சி வெட்டி நட்ட செடி வேர் பிடிக்கும், பூக்கும், ஆனால் விதைச் செடி போல அடி திரளாது. அதையும் அதே பெயரில், அதே படத்தைக் காட்டி விற்பார்கள். மூன்று வருஷம் கழித்துத்தான் வாங்கியவருக்கு விஷயம் புரியும், அதற்குள் கடையே இடம் மாறியிருக்கும். இணையத்தில் நீல நிற அடினியம் விதை விற்கிறார்களே, அதைவிடப் பெரிய கூத்து கிடையாது. அசல் நீலத்தில் அடினியம் கிடையவே கிடையாது. கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிய படம் அது. வாங்கி முளைக்க வைத்தவர்களுக்கு இளஞ்சிவப்புதான் பூக்கிறது, அதுவும் முளைத்தால்.

தண்ணீர்க் கதைக்கு வந்தால், இங்கேதான் பாவம் வேறொருவர் தலையில் விழுகிறது.

"தண்ணியே வேணாம்" என்பது பாதிப் பொய். அடினியம் பிறந்த இடங்களில் மழைக்காலம் உண்டு. வெயில் காலத்தில் இலையும் பூவுமாக இருக்கும்போது அதற்கு நன்றாகவே தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் காயப் போட்டால் அடி சுருங்கி, தோல் தொளதொளவென்று ஆகிவிடும். அது தாங்காதது குளிர்ந்த ஈரத்தை. வேர் நனைந்தே கிடந்தால் அழுகும். அழுகல் கீழே தொடங்கும், மேலே பூ இருந்துகொண்டே இருக்கும், ஒருநாள் தொட்டுப் பார்த்தால் அடி கொழகொழவென்று விரல் உள்ளே போகும்.

புதுச்சேரியின் மழை எப்போது? ஐப்பசி, கார்த்திகை. அதாவது அடினியம் வேர் காய்ந்து தூங்க வேண்டிய குளிர் நேரத்தில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. பக்கத்து மயிலத்தில் அதையும் தாண்டியது. ஒரு வருஷத்துக்குப் பெய்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில்! அந்த மழையில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்த ஊரில் தொட்டிச் செடியைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க முடியாது, கவலைப்படவும் வேண்டாம். ஆனால் அந்த அளவு மழை இல்லாத சாதாரணக் கார்த்திகையிலும் இதே கதைதான் சின்ன அளவில் நடக்கிறது. தொட்டியில் கீழே ஓட்டை சின்னது, மண் களிமண், மேலே அழகுக்குக் கூழாங்கல் மூடி. தண்ணீர் எங்கே போகும்?

கம்பெனி கேட் தொட்டி அழுகினால் என்ன நடக்கும்? அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் அக்காவைக் கூப்பிடுவார்கள்.

"ஏம்மா, இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தினியா இல்லியா?"

"தினமும் ஊத்தறேன் சார்."

தினமும் ஊற்று என்று சொன்னது அதே சார்தான். கத்தரிக்குப் புடலைக்கு எப்போது எவ்வளவு என்று அந்த அக்காவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், வில்லியனூர் கொம்யூனில் வயல் வேலை பார்த்துவிட்டுத் தொழிற்பேட்டைக்கு வந்தவராக இருக்கலாம். இந்தச் செடியைப் பற்றி மட்டும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செடி செத்தது அவர் கணக்கில் எழுதப்படும். அடுத்த வாரம் நர்சரியிலிருந்து புதுச் செடி வரும். நர்சரிக்கு இதில் என்ன நஷ்டம்? அழுகுவதுதானே மறுபடி விற்பனை!

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அது நியாயமானதும் கூட. நர்சரி ஒரு பெரிய பிழைப்பு. ஆந்திராவின் கடியம் வட்டாரத்தில் ஊர் ஊராக நர்சரிதான், அங்கிருந்து நாடெங்கும் லாரியில் செடி போகிறது. புதுச்சேரி, திண்டிவனம் சாலையோர நர்சரிகளில் மண் கலப்பதும் பை நிரப்புவதும் செய்பவர்களில் எத்தனையோ பெண்கள். அடினியத்தைத் திட்டினால் அவர்கள் கூலியில் கை வைப்பதாகாதா? ஆகாது. விதைக் கன்றுக்கும் பை நிரப்பத்தான் வேண்டும். கேட்பது உண்மையான பெயர், உண்மையான வயது, இரண்டு வரி எச்சரிக்கை. இதனால் யார் வேலையும் போகாது. பொய் வயதுக்குக் கிடைக்கும் கூடுதல் பணம் கூலிக்காரர் கைக்கு வருவதாகவும் எங்கும் கேள்விப்படவில்லை.

இந்தியாவில் விற்கும் அடினியங்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவையே, காட்டில் பிடுங்கியவை அல்ல என்றும் சொல்வார்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பருத்த அடியின் மீதான அந்த ஆசை பண்ணையோடு நிற்பதில்லை. மெதுவாக வளரும் பாலைச் செடிகள் எல்லாவற்றுக்கும் உலகம் முழுக்க இப்போது இதே நோய். 2020ல் இத்தாலியில் ஒரு வீட்டில் போலீஸ் சோதனை போட்டபோது, சிலி நாட்டின் அடகாமா பாலையிலிருந்து திருடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகள் கிடைத்தன. கோபியாபோவா என்ற இனம், வருஷத்துக்கு ஒரு சுண்டு விரல் பருமன்கூட வளராது. சில செடிகள் நூறு வயதைத் தாண்டியவை என்றார்கள். அவற்றில் 800க்கும் மேற்பட்டவற்றை மறு வருஷம் சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள். தென்னாப்பிரிக்காவில் கூழாங்கல் மாதிரியே இருக்கும் கோனோஃபைட்டம் என்ற குட்டிச் செடிகள். 2019க்குப் பிறகு அங்கே பிடிபட்ட திருட்டுச் செடிகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிடிபடாதது எவ்வளவோ. அங்கேயும் பாறையில் குனிந்து பிடுங்குகிறவர் வேலையில்லாத உள்ளூர் ஏழை, அவருக்குக் கிடைப்பது சில்லறை, ஜெயிலுக்குப் போவதும் அவரே. ஜன்னலோரத்தில் வைத்து அழகு பார்ப்பவர் வேறொரு கண்டத்தில் இருக்கிறார். சிறுசாக வாங்கி வளர்க்கத் தயாராக இருக்கிறவருக்காக யாரும் மலையேறித் திருடப் போவதில்லை. நாளைக்கே முதிர்ந்தது வேண்டும் என்கிறவருக்காகத்தான் திருட்டு நடக்கிறது.

இதற்கிடையில் நம்மூர்க் கள்ளிமுளையானை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? செம்மண் மேட்டில், வேலியோரக் கள்ளியின் அடியில், இலையே இல்லாமல் நாலு பட்டையாக விரல் நீளத்துக்கு எழும்பும். நுனியில் சின்னப் பூ. மாடு மேய்க்கிற பிள்ளைகள் பிடுங்கிப் பச்சையாகவே தின்பார்கள், வீட்டில் துவையல் அரைப்பார்கள். கோடையைத் தண்ணீரில்லாமல் கழித்து, மழையில் அழுகாமல் எழும்பும். அடினியம் கேட்டாலும் தராத இரண்டு குணமும் இதற்கு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இதுவும் இன்றைய வகைப்பாட்டில் அதே அரளிக் குடும்பம்தான். ஒன்று அம்பு விஷம், ஒன்று துவையல்!

கள்ளிமுளையானுக்கும் மார்க்கெட் உண்டு. பசியை அடக்கும், உடம்பு மெலியும் என்று சொல்லி அதன் சாற்றை மாத்திரையாக்கி விற்கிறார்கள். பணக்காரர் மெலிய ஒரு செடி, பருத்திருப்பதை ரசிக்க ஒரு செடி. மேட்டை ஜேசிபி வைத்துச் சமன் செய்து மதில் கட்டுகிறபோது முதலில் போவது இந்த வேலியோரம்தான். சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று நூற்றுக்கணக்கான ஏக்கரை எடுத்து, வருஷக்கணக்கில் தொழிற்சாலை வராமல் கிடந்த கதை ஊருக்கே தெரியும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். மதில் எழுந்த இடங்களிலெல்லாம் உள்ளே புல்தரை, கூழாங்கல், அடினியம். வெளியே இருந்தது என்ன என்று எந்தத் தோட்டக் கான்ட்ராக்டரும் எழுதி வைத்ததில்லை.

அடினியம் வளர்க்கவே கூடாதா? தாராளமாக வளர்க்கலாம், அது அழகான செடி, செடி மீது குற்றம் ஒன்றும் இல்லை. அரளி என்று பெயர் சொல்லி வளர்க்கட்டும். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கவாத்து செய்த கிளையைத் தெருவில் வீசாமல் புதைக்கட்டும். ஆற்று மணலும் செம்மண்ணும் கொஞ்சம் தொழுஉரமும் கலந்து, அடியில் பெரிய ஓட்டை போட்ட தொட்டியில், ஐப்பசி பிறந்ததும் கூரைக்குக் கீழே நகர்த்தி வைக்கட்டும். முக்கியமாக, விதையிலிருந்து வளர்க்கட்டும். நல்ல விதை ஒரே வாரத்தில் முளைக்கும், விலையும் கொஞ்சம்தான்.

தெரிந்த வீட்டில் வயதான செடி இருந்தால் அந்தச் சில்லறையும் தேவையில்லை. மாட்டுக் கொம்பு போல ஜோடியாகக் காய் காய்க்கும். காய் முற்றுகிற சமயத்தில் அதைச் சுற்றி நூலால் லேசாகக் கட்டிவைக்க வேண்டும். ஒவ்வொரு விதைக்கும் இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் இருக்கும். கட்டாமல் விட்டால் காய் வெடித்த அன்று மத்தியானக் காற்றிலேயே எல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும்.